பதில் முதுகு

பிடரிக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, ஒரு கை அகலத்துக்கு எரிந்தது. மூட்டை தூக்கும்போது அந்த எரிச்சல் தெரியாது. தூக்கி முடித்து எங்கேயாவது சாயும்போதுதான் வட்டியோடு வரும். அன்றைக்கு நான் சாய்ந்தது பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துச் சோபாவில். ஆளை இடுப்புவரை உள்ளே இழுத்துக்கொள்ளும் சோபா. அதில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். எனக்கு மறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

காலை லோடை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தேன். முகம் கழுவி, சட்டை மாற்றித்தான் வந்தேன். ஆனாலும் மாட்டுத்தீவனத் தூள் தலைமுடியை விட்டு அவ்வளவு சீக்கிரம் போகாது. நான் நிமிர்ந்தபோது சோபாவின் கறுப்புத் தோலில் மாவு கொட்டினதுபோல ஒரு தடம். எதிரே இருந்த அம்மாள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பக்கத்தில் வைத்திருந்த கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பையைவிட எடையுள்ள எதையும் அவள் தூக்கியிருக்க மாட்டாள்.

அவளோடு அவள் மகள். என் வயதுதான். காலில் புத்தம்புது மலையேற்ற ஷூ, அடியில் இன்னும் மண் படவில்லை. என்னைப்போலவே கிடைத்த இடத்தை ஒரு வருஷம் தள்ளிவைக்க வந்தவள். கூப்பிட்டதும் இருவரும் கவுன்ட்டருக்குப் போனார்கள்.

"ஒரு வருஷம் மலைப்பக்கம் நடக்கப் போறா. தன்னைத் தானே கண்டுபிடிக்கணுமாம்," என்றாள் அம்மாள், பெருமை தாங்காமல்.

கவுன்ட்டரில் இருந்த அக்கா அது ரொம்ப நல்ல விஷயம் என்றாள். ஒரு தாளைப் பார்த்தாள், ஒரு முத்திரை குத்தினாள், வாழ்த்துச் சொன்னாள். முடிந்தது. காணாமல் போனவளைக் கண்டுபிடிக்கக் காவல் நிலையத்துக்கு அல்லவா போகவேண்டும் என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. இங்கே அதற்கு முத்திரை கிடைக்கிறது.

எனக்கும் அந்த முத்திரைதான் வேண்டும். கணிதப் படிப்பில் கட்டணமே இல்லாத இடம். எங்கள் தெருவில் அந்த வாசலை மிதித்தவர் யாரும் கிடையாது. இந்த வருஷம் சேராவிட்டால் இடம் போய்விடும். சேர்ந்தாலோ அப்பாவின் இடம் போய்விடும்.

அப்பாவின் இடம் ரயில் தடத்தை ஒட்டின தீவனக் கிடங்கில் இருக்கிறது. சரக்குப் பெட்டியிலிருந்து மூட்டையை முதுகில் வாங்கி, பலகைமேல் நடந்து வந்து, கிடங்குக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போடவேண்டும். பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டம், அவர்களுக்கு மேலே ஒரு மேஸ்திரி. காலையில் கிடங்கு மேலாளர் வந்து தலை எண்ணுவார். அந்த ஆளுக்கு எண்ணத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு தலை குறைந்தால், வாசலில் வேலைக்காகக் காத்து நிற்கிறவர்களில் ஒருவனை உள்ளே கூப்பிடுவார். உள்ளே வந்தவன் அப்புறம் வெளியே போகமாட்டான்.

அதனால் கூட்டத்துக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் படுத்துவிட்டால் அவன் இடத்தில் இன்னொருவர் நிற்பது. அதன் பெயர் 'பதில் முதுகு'. பதில் முதுகு நிற்கும்வரை இடம் படுத்தவனுடையது, கூலியும் அவன் பேரிலேயே அவன் வீட்டுக்குப் போகும். நிற்பது வீட்டு ஆளானால் கணக்கு அதோடு சரி. வேற்று ஆளானால் அது கடன். அந்தக் கடனைப் பணமாகக் கொடுக்க முடியாது. முதுகில் வாங்கியதை முதுகால்தான் திருப்பவேண்டும். தெரியாமல் பணத்தை நீட்டிய ஒருவனை ஒரு வாரம் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'ஏய் முதலாளி' என்றே கூப்பிட்டுச் சாகடித்தார்கள்.

அப்பா ஈரப் பலகையில் சறுக்கி, மூட்டையோடு தண்டவாளத்தின்மேல் விழுந்தார். ஒரு வருஷத்துக்கு எதையும் தூக்கக்கூடாது, அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அவள் சம்பளம் வாடகைக்கு வந்து வாசலோடு திரும்பிப் போகும். அண்ணன் தம்பி கிடையாது. அப்பாவின் சாக்கை எடுத்துக் கூம்பாக மடித்து, தலையிலிருந்து முதுகுவரை மாட்டிக்கொண்டு நான் போய் நின்றேன். முதல் நாள் பலகையில் ஏறும்போது, "கணக்குப் புள்ள, மூட்டையை எண்ணாத, தூக்கு," என்று கூட்டமே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குக் கணக்கு என்று பெயர்.

இடத்தைத் தள்ளிவைக்க மனுப்போட வேண்டும் என்று நான் சொன்னபோது அப்பா மல்லாந்து கிடந்தபடியே கேட்டார்: "அவ்ளோ பெரிய கட்டடத்துல ஒரு வருஷம் உன் இடத்தை எடுத்து ஓரமா வைக்கிறதுக்கா இடம் இல்ல?"

இருக்கிறது. யாருக்கு என்பதுதான் கேள்வி.

கவுன்ட்டர் அக்கா என் மனுவைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். கெட்டவள் இல்லை. ஒரே கொள்கையைத் தினமும் வாசித்து வாசித்து மனுஷக் குரல் போய்விட்டவள். ஒத்திவைப்புக்கு ஏற்கத்தக்க காரணங்களை வரிசையாகச் சொன்னாள். பயணம், கலைப்பயிற்சி, விளையாட்டு, தன்னார்வச் சேவை, விண்ணப்பிப்பவரின் சொந்த உடல்நலக் குறைவு. கூலி வேலை அதில் இல்லை. வீட்டுக் கஷ்டமும் இல்லை.

"அப்பாவுக்குப் பதிலா எனக்கு முதுகு உடைஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"அப்ப கிடைக்கும்," என்றாள், யோசிக்கவே இல்லாமல்.

பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்கவேண்டும். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கூலி என் பேரில் வருகிறதா என்று விசாரித்தாள். அப்பா பேரில் என்றேன். என் கைக்கு எதுவும் வருவதில்லையா என்றாள். இல்லை என்றேன். "அப்புறம் என்ன? நீங்க சம்பளமே வாங்கலையே. சேவைன்னு எழுதுங்க," என்று புதுத் தாளை எடுத்து அவளே எழுதவும் ஆரம்பித்தாள். என்ன கிடங்கு, யாருக்குத் தீவனம் என்றெல்லாம் கேட்டு, கடைசியில் ஒரு வாக்கியம் செய்து காட்டினாள். 'கால்நடைகளின் உணவுத் தேவைக்கான தன்னார்வப் பணி.' படித்தபோது எனக்கே கண் கலங்கும்போல இருந்தது. நான் ஏதோ அநாதை மாட்டுக்குப் புல் ஊட்டுகிறவள் மாதிரி.

மூன்று பேர் கொண்ட குழு பார்க்கும், பொறுப்பாளருக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்பார்கள் என்றாள். குழுத் தலைவர் உழைப்பாளிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர், புத்தகம் எல்லாம் எழுதியிருக்கிறார், இந்த மாதிரி விஷயத்தில் அவருக்கு ரொம்ப அக்கறை என்றும் சொன்னாள். நான் மேஸ்திரியின் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மேஸ்திரியை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். உறவில்லை, அப்பாவோடு ஒன்றாக மூட்டை தூக்கினவர். ஐம்பத்தெட்டு வயது, கட்டை குட்டையான ஆள், மீசை மட்டும் முகத்தை மீறினது. மேஸ்திரியானபின் அவர் மூட்டை தூக்குவதில்லை. அட்டி சாய்கிறதா என்று பார்ப்பார், வாய்க்கு வந்தபடி திட்டுவார், அதுதான் வேலை. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பல்கலைக்கழகத்திலிருந்து கூப்பிடுவார்கள், நான் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் போதும் என்றேன். அவர் சாயப்போகிற அட்டி ஒன்றை முறைத்துக்கொண்டே "ம்" என்றார். அதை நம்பினேன். கணக்குப் படிக்கப் போகிறவளின் புத்தி.

போன் மதிய இடைவேளையில் வந்தது. எல்லோரும் மூட்டைமேல் சாய்ந்து கிடந்த நேரம். மேஸ்திரிக்கு ஒரு காது மந்தம், போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதை ஒரு மூட்டையின்மேல் நிற்கவைத்து, தான் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கூட்டம் முழுக்கத் தலையைத் தூக்கியது. நான் எழுந்து அவர் முன்னால் நின்று, கையால் வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினேன். ஸ்பீக்கரை அணைக்கச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

குழுத் தலைவரின் குரல் வெண்ணெய். தேன். எதை வேண்டுமானாலும் தடவிக்கொள்ளலாம். மேஸ்திரியின் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிப்புக் கேட்டார். என்னைப்போன்ற இளையவர்கள் வாயில்லா ஜீவன்களுக்காக நேரம் ஒதுக்குவது மனதை நெகிழவைக்கிறது என்றார். நான் அங்கே மிருகங்களோடு எப்படிப் பழகுகிறேன் என்று கேட்டார்.

மேஸ்திரி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "இங்க மிருகம்னு சொன்னா எங்களைத் தவிர யாரும் இல்லீங்க," என்றார். "எங்களோட நல்லாத்தான் பழகுது."

மூட்டைகளின்மேல் சிரிப்புக் குலுங்கியது. அந்தப் பக்கமும் யாரோ மரியாதைக்குச் சிரித்தார்கள். சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"இதை அவங்க முழுக்கச் சேவையாத்தானே செய்றாங்க? கூலி எதுவும் இல்லாம?" என்றது வெண்ணெய்க் குரல்.

கிடங்கில் சிரிப்பு நின்றது. பன்னிரண்டு பேர் கூலிக்குத் தூக்குகிற இடம். அங்கே அந்தக் கேள்வியை யாரும் அதுவரை கேட்டதில்லை. மேஸ்திரியின் கழுத்து நரம்பு எழும்புவதைப் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தைத்தான் பார்த்தார். கூட்டமும் அவரையே பார்த்தது.

"என்ன கேட்டீங்க?" என்றார்.

குரல் மறுபடி, இன்னும் பணிவாகக் கேட்டது.

"ஐயா, நல்லாக் கேட்டுக்குங்க. எங்க கூட்டத்துல ஓசிக்கு முதுகு கொடுத்தவனும் இல்ல, ஓசிக்கு வாங்கினவனும் இல்ல. அந்தப் புள்ள ஆம்பளைக்குச் சமமாத் தூக்குது, ஆம்பளைக்குச் சமமா கூலி எண்ணிக் கொடுக்கறோம். பொம்பளப் புள்ளைன்னு ஒரு காசு குறைச்சோம்னு எவனாவது சொன்னா, கூட்டிட்டு வாங்க, மீசையை எடுத்துக்கறேன்."

கூட்டத்தில் யாரோ "அப்படிச் சொல்லு" என்றான்.

"ரொம்ப நன்றி. ரொம்பத் தெளிவா இருக்கு," என்றது குரல். வைத்துவிட்டார்கள். உழைப்பாளிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவருக்கு அதற்குமேல் கேட்க எதுவும் இல்லை.

மேஸ்திரி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வழக்கு ஜெயித்தவர் மாதிரி எழுந்தார்.  சொல்லித்தானே வைத்தேன், 'ம்' என்றீர்களே, இப்படிக் குடியைக் கெடுத்துவிட்டீர்களே என்று வாய்க்கு வந்ததெல்லாம் கொட்டினேன். பொய் சொல்ல இவ்வளவு கஷ்டமா, மேலாளரிடம் தினம் எத்தனை பொய் சொல்கிறீர்கள் என்றும் கேட்டேன்.

"பொய் சொல்லச் சொன்னா சொல்லியிருப்பேன் புள்ள," என்றார். "கை இல்லாதவ, கால் இல்லாதவன்னு எது வேணா சொல்லியிருப்பேன். ஓசின்னு சொல்லச் சொன்னியே. அதுவும் இத்தனை பேர் முன்னால. நாளைக்கு அந்த மேலாளர் காதுல விழுந்தா என்ன சொல்வான்? ஓசிக்குத் தூக்க ஆள் இருக்குன்னுதானே சொல்வான்?"

அவர் சொன்னது சரியாகவும் இருந்தது, அதனால் கோபம் இன்னும் ஏறியது. மீசையைப் பிடித்துக்கொண்டு தொங்குங்கள், அதற்காவது கூலி கிடைக்கிறதா பார்ப்போம் என்று சொல்லிவிட்டு என் சாக்கை மாட்டிக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம்வரை அவரும் என்னைத் திட்டவில்லை. திட்டாதது திட்டினதைவிட மோசமாக இருந்தது.

பதில் வந்தது. எவ்வளவு அழகான மொழி. என் ஆர்வத்தை அவர்கள் பெரிதும் பாராட்டினார்கள். என் பணி ஊதியத்துடன் கூடியது என அறிய நேர்ந்ததாகவும், ஊதியப் பணி மாணவரின் சுயவளர்ச்சி என்னும் ஒத்திவைப்புக் கொள்கையின் நோக்கத்துக்கு உகந்ததன்று என்றும், திங்கட்கிழமை நேரில் வந்து சேராவிடில் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு அளிக்கப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். காத்திருப்போர். எங்கள் கிடங்கு வாசலிலும் அவர்கள்தான் நிற்கிறார்கள். கிடங்கு மேலாளருக்கும் அந்தக் குழுவுக்கும் உள்ள வித்தியாசம், மேலாளர் பாராட்டுவதில்லை.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். சுயவளர்ச்சி என்றால் என்ன என்று கேட்டார். மலையேறுவது என்றேன். சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றார், முதுகு விடவில்லை, மறுபடி மல்லாந்தார். அவர் இடம் போனால் இந்த வயதில், இந்த முதுகோடு, வேறு எவனும் அவரை வாசலில்கூட நிற்க விடமாட்டான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.  அம்மா என் உடுப்புகளை ஒரு பையில் அடுக்க ஆரம்பித்தாள். நான் அதை எடுத்து வெளியே போட்டேன். அவள் மறுபடி அடுக்கினாள்.

திங்கட்கிழமை காலை நான் அப்பாவின் சாக்கை எடுத்துக்கொண்டு கிடங்குக்குத்தான் போனேன். பல்கலைக்கழகம் தன் நாற்காலியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும், தூ என்று இருந்தது.

வரிசை நின்றிருந்தது. அப்பாவின் இடத்தில், கடைசிக்கு முந்தின ஆளாக, மேஸ்திரி நின்றிருந்தார். சட்டையைக் கழற்றியிருந்தார். தலையில் சாக்கு. வயிறு முன்னால் தள்ளி, சாக்குக்குள்ளிருந்து மீசை மட்டும் எட்டிப் பார்த்தது. பார்க்கச் சகிக்கவில்லை. மேலாளர் வந்து எண்ணினார். பன்னிரண்டு இருந்தது. யாருடைய தலை என்று அவர் எப்போதும் பார்ப்பதில்லை.

நான் கிட்டப் போய், "என்ன மாமா இது?" என்றேன்.

"கண்ணு தெரியலையா? உங்கப்பனுக்குப் பதில் முதுகு."

"உங்க வேலையை யாரு பார்ப்பா?"

"திட்டறதுதானே. மூட்டை முதுகுல இருக்கும்போதும் திட்டலாம்."

இந்த வயதில் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். வயதைப் பற்றிப் பேசினால் மூட்டையை என் தலையில் போட்டுவிடுவேன் என்றார். போன் விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தப்பு என்று அவர் நினைத்தாரா, இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்கு மனம் ஆறவில்லை. "அப்ப இது ஓசியா மாமா?" என்று கேட்டேன்.

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி சாக்கை ஒதுக்கிக்கொண்டு என்னை முறைத்தார்.

"யாரு சொன்னா? கடன். உங்கப்பன் பேர்ல இல்ல, உன் பேர்ல. போ. போய் அந்த ஓசிக் கூட்டத்தோட உக்காந்து படி."

அவர் பலகையில் ஏறினார். முதல் மூட்டையை வாங்கும்போது கால் கொஞ்சம் மடங்கியது. பிறகு நேரானது. நான் சாக்கை ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன்.

விடுதியில் என் அறையில் இரண்டு கட்டில். இன்னொன்றில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது, கதவில் என் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர். யார் என்று விடுதிக் காப்பாளரிடம் கேட்டேன். ஒரு வருஷம் தள்ளிவைத்த பெண், மலையேறப் போயிருக்கிறாள், அதில் யாரும் படுக்கக்கூடாது, பையைக்கூட வைக்கக்கூடாது என்றாள். அது அந்தப் பெண்ணின் இடம். அதை வைத்திருக்க யாரும் நிற்கவேண்டியதில்லை. யாருடைய முழங்காலும் மடங்கவேண்டியதில்லை. சும்மா, தானாகவே இருந்தது. அந்த வருஷம் முழுக்க என் துவைத்த துணியை அந்தக் கட்டில்மேல்தான் காயப்போட்டேன்.

உழைப்பாளி ஆராய்ச்சியாளர் எங்களுக்கு ஒரு சிறப்புரை ஆற்ற வந்தார். அதே வெண்ணெய். உழைப்பின் கண்ணியம் என்று தலைப்பு. நான் கடைசி வரிசையில் தூங்கினேன். அவருக்கு நான் செய்த ஒரே மரியாதை, குறட்டை விடாததுதான்.

அப்பா எழுந்து நடமாடி, வருஷம் முடிந்து தன் இடத்தில் போய் நின்றார். மேஸ்திரி சட்டையைப் போட்டுக்கொண்டு பழையபடி திட்டப் போனார். எனக்கு மூன்றாம் வருஷம் நடக்கும்போது அவருக்கு முழங்கால் ஒரேயடியாகப் போயிற்று. அவர் இடத்தில் நிற்க ஆள் தேடினார்கள். அவர் வீட்டில் யாரும் இல்லை. கடன்பட்டவள் வந்து நிற்பதுதான் வழக்கம். நான் நடுவில் படிப்பை ஒரு பருவம் நிறுத்திவைக்க முடியுமா என்று கவுன்ட்டர் அக்காவிடம் போய்க் கேட்டேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே வரிசையைச் சொன்னாள். பயணம், கலைப்பயிற்சி, விளையாட்டு. நான் முழுக்கக் கேட்கவில்லை. நிறுத்திவிட்டுப் போனால் இடம் போய்விடும், அவர் ஒரு வருஷம் சுமந்ததும் அதோடு போய்விடும். நான் கிடங்குக்குப் போகவில்லை. கூட்டத்தில் ஒருவன் மேஸ்திரியானான், அவன் இடத்துக்கு வாசலில் காத்து நின்றவன் ஒருவன் உள்ளே போனான். இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

இப்போது எனக்கு மேஜை வேலை. என் முதுகு எரிவதில்லை. மாமா வீட்டுக்குப் போனால் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காரச் சொல்கிறார், அப்பாவைத் திட்டுகிறார், மேலாளரைத் திட்டுகிறார், என்னை மட்டும் திட்டுவதில்லை. பணம் கொண்டுபோகிற முட்டாள்தனத்தை நான் செய்ததில்லை.

அவருக்கு நான் ஒரு வருஷத்து முதுகு பாக்கி. இன்னும் கொடுக்கவில்லை.